சூரிய அடுப்பு வாங்குவோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரக்கரியின் விலை ஏறிக்கொண்டே போவதையும் மின்சாரம் முறை வைத்து வருவதையும் எடுத்துக்காட்டி, வீட்டுக்கு ஒரு சூரிய அடுப்பு வாங்கிவிட்டால் எரிபொருட் செலவே இராது என்று தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அதில் சொல்லப்பட்ட நன்மைகளில் பெரும்பாலானவை உண்மையே. எரிபொருட் செலவே இராது என்ற ஒன்றை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மியன்மாவின் பகோ நகரில் முற்றமுள்ள வீட்டில் பெட்டி வகை சூரிய அடுப்பைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருபவள் என்ற முறையில், அக்கட்டுரையை நம்பிக் கைப்பணத்தைச் செலவிட எண்ணும் நம்மவர்களுக்குச் சிலவற்றைத் தெரிவிக்க விரும்புகிறேன். இந்நாட்டில் சூரிய அடுப்பு என்பது ஐப்பசிக் கடைசியிலிருந்து சித்திரை முடியும் வரைக்கும், பகலில் ஆள் இருக்கும் வீடுகளில், கரி அடுப்புக்குத் துணையாக நிற்கக்கூடிய இரண்டாவது அடுப்பு. அப்படி நினைத்து வாங்குகிறவர்களுக்கு அது மிக நல்ல பொருள். கரி அடுப்பைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஆனி மாதத்தில் அதைக் கோழிக்கூடாக்கிவிடுவார்கள்.

இதன் தேவை எவ்வளவு என்பதை மறுப்பதற்கில்லை. 2014-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ 69 விழுக்காடு விறகிலும், 12 விழுக்காடு மரக்கரியிலும் சமைத்தன. மின்சாரத்தில் சமைத்தவை 16 விழுக்காடுதான். அந்த 16 விழுக்காட்டில் நகரங்களில் வாழும் நம்மவர் வீடுகள் பல இருந்திருக்கும். ரைஸ் குக்கரில் சோறும் கரி அடுப்பில் குழம்பும் என்று பழகிய அந்த வீடுகளில், இப்போது மின்சாரம் வரும் மணி பார்த்து உலை வைக்க வேண்டியிருக்கிறது. நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில் எழுந்து அரிசி களைகிற பெண்களை நம் ஒவ்வொரு தெருவிலும் காணலாம். மற்றபடி கரியை நம்ப வேண்டும். யாங்கோனுக்கு வந்து சேர்ந்த கரியில் பெரும்பகுதி நெடுங்காலமாக ஐராவதிக் கழிமுகத்தின் அலையாத்திக் காடுகளை வெட்டிச் சுட்டதுதான். 2008 மே மாதத்தில் நர்கிஸ் புயல் அந்தக் கழிமுகத்தின் மீது ஏறி வந்தபோது ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தும் காணாமலும் போயினர். காடு முன்போல நின்றிருந்தால் அலையின் வேகம் ஓரளவேனும் தணிந்திருக்கும் என்று அப்போது பலரும் எடுத்துரைத்தனர். இதற்காக, முற்றத்தில் ஒரு சூரிய அடுப்பை வைப்பவர் ஒரு காட்டைக் காப்பாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காடுகளை அழித்ததில் நெல் வயல்களுக்கும் பங்குண்டு. வீசைக் கணக்கில் வாங்கும் கரியில் வேனிற்காலத்தில் கணிசமான பகுதி மிச்சமாகும் என்பதே ஒரு குடும்பத்தலைவிக்குப் போதிய காரணமாகும்.

இந்த அடுப்பு வேலை செய்யும் முறையில் மறைபொருள் எதுவுமில்லை. உட்புறம் கருப்புப் பூசிய பெட்டி, அதைச் சுற்றி வெப்பத்தை வெளியே விடாத நிரப்பு, மேலே இரட்டைக் கண்ணாடி மூடி, வெயிலைத் திருப்பி உள்ளே தள்ளும் ஒரு பிரதிபலிப்புப் பலகை, உள்ளே மூடியுடன் கூடிய கருப்புப் பாத்திரம், அவ்வளவுதான். ஜெனீவாவைச் சேர்ந்த சொசூர் என்பவர் 1767-லேயே கண்ணாடி அடுக்குகளாலான பெட்டிக்குள் நீர் கொதிக்கும் அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தைக் கண்டிருக்கிறார். நம் முன்னோர் கீழ்ப் பர்மாவின் வயல்களுக்கும் ஆலைகளுக்கும் கப்பலேறி வந்துகொண்டிருந்த காலத்தில், பம்பாயில் ஆங்கிலேய அரசுப் பணியிலிருந்த வில்லியம் ஆடம்ஸ் என்பவர் எண்கோண வடிவில் கண்ணாடிகளை அமைத்து, ஏழு படைவீரர்களுக்கு வேண்டிய இறைச்சியையும் காய்கறியையும் ஜனவரி மாதத்தில் இரண்டு மணி நேரத்தில் வேகவைத்துக் காட்டி, 1878-இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். இத்தனை பழைய கருவி இன்னும் வீடுதோறும் பரவவில்லை என்றால் மக்களின் அறியாமைதான் காரணம் என்று தங்கள் கட்டுரையாளர் எழுதியிருப்பது எனக்கு உடன்பாடன்று. சமைப்பவர்கள் மணி பார்க்கிறார்கள், வானத்தைப் பார்க்கிறார்கள், அடுப்பு அதற்கெல்லாம் ஒத்துவராதபோது ஒதுக்கிவிடுகிறார்கள்.

மணிக் கணக்கை முதலில் சொல்கிறேன். தெளிவான நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் வெயிலின் ஆற்றல் ஏறத்தாழ 1,000 வாட். அரை மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் கொண்ட வீட்டுப் பெட்டியின் வாயில் விழுவது அதில் கால் பங்கு. பிரதிபலிப்புப் பலகை கொஞ்சம் கூட்டித் தரும். கண்ணாடியும் பெட்டிச் சுவர்களும் கொஞ்சம் தின்றுவிடும். கடைசியில் பாத்திரத்துக்குள் போய்ச் சேருவது 100 வாட்டை ஒட்டியே இருக்கும். வீட்டு ரைஸ் குக்கர் 400 முதல் 700 வாட் வரை இழுக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். இரண்டு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும். நல்லவேளையாக அரிசியும் பருப்பும் வேக நீர் தளதளவென்று கொதித்தாக வேண்டும் என்பதில்லை. எண்பது பாகை (டிகிரி) செல்சியசுக்கு மேல் வெப்பம் நிலைத்து நின்றாலே அவை மெல்ல வெந்துவிடும். பால்டின்னால் இரண்டு டின் அரிசியை ஊறவைத்து, சாதாரணமாக ஊற்றுவதைவிடச் சற்றுக் குறைவாக நீர் ஊற்றிக் காலை பத்து மணிக்கு உள்ளே வைத்தால், மாசி பங்குனியில் பன்னிரண்டு மணிக்குப் பொலபொலவென்ற சோறு கிடைக்கும். துவரம்பருப்புக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூட வேண்டும். கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவைக்காவிட்டால் அன்று மாலை வரை காத்திருந்தும் பயனில்லை.

இந்த மெதுவான சூட்டுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. அடிப்பிடிக்காது, கிளற வேண்டாம், பொங்கிக் கரியை அணைக்காது. சர்க்கரைப் பொங்கலும் பருப்புப் பாயசமும் இதில் வைத்தால் கரண்டி பிடித்து நிற்க வேண்டியதில்லை. பூசணி, சுரை, முருங்கைக்காய் போன்றவை தம் நீரிலேயே வெந்து சாரம் கெடாமல் இருக்கும். முட்டையைத் தண்ணீரே இல்லாமல் கருப்புத் துணியில் சுற்றி வைத்தாலும் வெந்துவிடும். நிலக்கடலை வறுபடும்; ரவையின் ஈரம் போகும்; மழைக்காலத்தில் வண்டு பிடிக்கத் தொடங்கிய பருப்பை வேனிலில் ஒரு பகல் உள்ளே வைத்தெடுத்தால் மறுபடியும் டப்பாவில் போடலாம். தை மாதக் குளிரில் வீட்டுப் பெரியவர்கள் குளிக்க வெந்நீருக்கும் இது உதவும். குடிநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோய்க்கிருமிகள் சாக நீர் 100 பாகை வரை போக வேண்டியதில்லை. 65 பாகையை எட்டிச் சிறிது நேரம் அங்கே நின்றாலே போதும். குளத்து நீரையும் மழைநீர்த் தொட்டியையும் நம்பியிருக்கும் கிராமங்களில் இந்த ஒரு பயனுக்காகவே இதை வாங்கலாம் என்பேன். ஆனால் உப்புநீரை இது நன்னீராக்காது. கிணற்று நீரில் கலந்திருக்கும் ஆர்சனிக் போன்ற நஞ்சையும் நீக்காது.

நம் சமையலுக்கு இது எங்கே போதாது என்பதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. தாளிக்க முடியாது. தோசை வார்க்க முடியாது. சப்பாத்தி சுட முடியாது. வடை, அப்பளம் பொரிக்க முடியாது. வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்க முடியாது. வெந்த பருப்பை எடுத்து வந்து, எப்படியும் கரியை மூட்டித் தாளித்துத்தான் சாம்பாராக்க வேண்டும். ஆனால் பருப்பு வேகும் நேரம் முழுவதும் எரிந்திருக்க வேண்டிய கரி மிச்சமாகி, சிறு கைப்பிடிக் கரியில் வேலை முடிந்துவிடுகிறது. ஆகவேதான் இதைத் துணை அடுப்பு என்கிறேன். மீன் குழம்பும் அரிசி நூடுல்ஸும் சேர்ந்த பர்மிய உணவான மொஹிங்காவுக்கு மீனையும் எலுமிச்சைப் புல்லையும் அவிக்க இது உதவும் என்றாலும், மீன் வாடை பெட்டிக்குள்ளும் நிரப்புக்குள்ளும் ஏறிக்கொண்டால் அடுத்த வெள்ளிக்கிழமைச் சர்க்கரைப் பொங்கலுக்குள் அதைப் போக்குவது எளிதன்று. புளிக்கவைத்த மீன் விழுதான ஙாப்பியை உள்ளே வைப்பதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

பருவத்தைப் பற்றிச் சொல்லாமல் சூரிய அடுப்பைப் பற்றி எழுதுவது இந்நாட்டில் நேர்மையாகாது. யாங்கோனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மோல்மேனில் 4,500 மில்லிமீட்டருக்கு மேல். இரண்டிடத்திலும் அதில் மிகப் பெரும்பகுதி மே நடுவிலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்த ஐந்து மாதங்களில் அடுப்பு வெளியே வர முடியாது. இடையிடையே வெயில் அடித்தாலும் சோறு பாதி வெந்த நிலையில் மேகம் மூடிக்கொள்ளும். மண்டலேயிலும் மாக்வேயிலும் நிலைமை வேறு. அந்த வறண்ட நிலப்பகுதியில் ஆண்டு மழை 900 மில்லிமீட்டருக்கும் குறைவு. மழைக்காலத்திலும் வெயிலுள்ள நாள்கள் கிடைக்கும். விறகோ அங்கேதான் மிக அரிது. சூரிய அடுப்பு யாருக்கு முதலில் போய்ச் சேர வேண்டும் என்று என்னைக் கேட்டால் அப்பகுதி மக்களுக்கு என்பேன், பிறகு பகோவுக்கும் தட்டோனுக்கும், கடைசியாக மோல்மேனுக்கு.

சூரியன் வானில் நிற்கும் உயரமும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. மார்கழியில் யாங்கோன் வானில் நண்பகற் சூரியன் ஏறத்தாழ 50 பாகை உயரத்தில்தான் நிற்கும். அப்போது பெட்டியைத் தெற்கு நோக்கிச் சாய்த்து, பிரதிபலிப்புப் பலகையை நிமிர்த்தி வைக்க வேண்டும். சித்திரைக் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுவதால், பெட்டியைச் சமமாகக் கிடத்திப் பலகையை நன்றாகப் பின்னே தள்ளிவிட வேண்டும். இல்லையேல் அது கொடுப்பதைவிட மறைப்பது அதிகமாகிவிடும். விற்கிறவர்கள் காட்டும் படங்களில் ஒரே சாய்வுதான் இருக்கிறது. கார்த்திகை, மார்கழிக் காலைகளில் எங்கள் பகுதியில் ஆற்றோரம் பனி மூடிக் கிடக்கும். ஒன்பது மணிக்கு முன்னால் பெட்டியைத் திறந்து பயனில்லை.

அடுத்தது வேனிலைப் பற்றியது. 2024 ஏப்ரல் 28 அன்று மாக்வே பிராந்தியத்துச் சௌக் நகரில் 48.2 பாகை வெப்பம் பதிவானதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாள்களில் தகரக் கூரைச் சமையலறைக்குள் கரி அடுப்பின் முன் உட்காராமல் இருப்பதே ஒரு வரம். புகையும் இல்லை. வீட்டுக்குள் எரியும் விறகு, கரி போன்றவற்றின் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. கரி புகையாதே என்று எண்ணிக் கதவைச் சாத்திக்கொண்டு சமைப்பவர்கள் அது வெளியிடும் மணமற்ற கார்பன் மோனாக்சைடை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் பெட்டியை அரை மணிக்கோ முக்கால் மணிக்கோ ஒருமுறை சூரியனை நோக்கித் திருப்ப வேண்டியிருப்பதால், அதே உச்சி வெயிலில் யாராவது முற்றத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும், அந்த யாராவது பெரும்பாலும் வீட்டின் வயதான பெண்மணிதான். அடுப்பைத் திண்ணையிலிருந்து கை எட்டும் தொலைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே இதற்கு நான் சொல்லக்கூடிய ஒரே வழி.

பகலில் ஆள் இருக்கும் வீடு என்று தொடக்கத்தில் எழுதியதற்கு இதுவே காரணம். கணவனும் மனைவியும் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகும் வீட்டில், தூக்குப் பாத்திரத்தில் மதியச் சாப்பாடு ஆறரைக்கே தயாராக வேண்டும். அந்நேரம் சூரியன் தென்னைக்கும் மேலே வந்திராது. காலையில் பாத்திரத்தை உள்ளே வைத்துவிட்டு, பெட்டியைத் தெற்கு நோக்கித் திருப்பி வைத்தால் மாலையில் வந்து சூடாக உண்ணலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வானம் தெளிவாக இருந்தால் அது நடக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேகம் வந்து, ஆறு மணி வரை சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் என்ன ஆகும்? 60 பாகைக்குக் கீழே இறங்கிய சோற்றில், வேகும்போது சாகாமல் தங்கிய நுண்ணுயிர்கள் மறுபடி பெருகத் தொடங்கும்; பிறகு சூடாக்கினாலும் அவை விட்டுச்சென்ற நஞ்சு போகாது. மீனுக்கும் இறைச்சிக்கும் இந்த எச்சரிக்கை இன்னும் பொருந்தும். இரவுச் சாப்பாட்டுக்கு நாங்கள் செய்வது வேறு. நான்கு மணிக்கு, இன்னும் கொதிக்கக் கொதிக்க இருக்கும் பாத்திரத்தை எடுத்து, பழைய கம்பளியும் வைக்கோலும் அடைத்த மூடிய பெட்டிக்குள் வைத்துவிடுவோம். ஏழு மணிக்கு அது நல்ல சூட்டோடு இருக்கும். அந்த வைக்கோற்பெட்டி இல்லாமல் சூரிய அடுப்பு வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செலவும் ஒன்றுமில்லை.

பயறு வகைகளில் ஒரு தனி எச்சரிக்கை. சிவப்புக் காராமணியைவிடப் பெரிதான ராஜ்மா பயற்றில் இயல்பாகவே ஒரு நஞ்சுப் புரதம் இருக்கிறது. பத்து நிமிடமாவது பயறு நன்றாகக் கொதித்தால்தான் அந்த நஞ்சு அழியும்; எண்பது பாகையில் மெல்ல வெந்த ராஜ்மா பச்சையாக இருப்பதைவிடக் கெடுதல் செய்யக்கூடும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். ஒரு காலத்தில் ஐரோப்பியச் சந்தைகளில் ரங்கூன் பீன்ஸ் என்று அறியப்பட்ட டபுள் பீன்ஸ் இனத்திலோ சயனைடைத் தரும் பொருள் உண்டு. நிறமுள்ள வகைகளில் அது கூடுதலாக இருக்கும். இதை இரவெல்லாம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் மூடியைத் திறந்து வைத்துக் கொதிக்கவிடுவதுதான் முறை. மூடிய பெட்டிக்குள், மூடிய பாத்திரத்தில், மெல்லிய சூட்டில் சமைப்பது இந்த முறைக்கு நேர் எதிரானது. ஆகவே இவ்விரண்டையும் கரி அடுப்பிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். உளுந்து, பாசிப்பயறு, துவரை, கடலைப்பருப்பு ஆகியவற்றில் இந்தக் கவலை இல்லை.

குடை கவிழ்த்தது போன்ற குழிக்கண்ணாடி அடுப்பைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 1.4 மீட்டர் விட்டமுள்ள அத்தகைய அடுப்பு, நல்ல வெயிலில் ஒரு ரைஸ் குக்கருக்கு நிகராகச் சூடு தரும். அதில் தாளிக்கலாம், பொரிக்கலாம். பெட்டி அடுப்பின் குறைகளில் பாதியை அது தீர்த்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் சிறு பிள்ளைகள் ஓடியாடும் வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வெயில் குவியும் இடத்தில் கை வைத்தால் நொடியில் சுட்டுவிடும். கண்ணைக் கூசவைக்கும் ஒளி பார்வைக்குக் கேடு. சூரியன் நகர நகர அந்தக் குவியம் பாத்திரத்தை விட்டு விலகி, பக்கத்தில் உலர்த்திய துணி மீதோ கூரையின் தென்னோலை மீதோ போய் நிற்கக்கூடும். பங்குனிக் காற்று வீசும்போது முழு அடுப்புமே சாயும். பயன்படுத்தாத நேரத்தில் சாக்குப் போட்டு மூடி, நிழலில் திருப்பி வைக்கத் தெரிந்தவர்கள் மட்டும் வாங்கலாம்.

யாங்கோன் நகரின் அடுக்குமாடிகளில் வாழும் உறவினர்கள் என்னிடம் கேட்கும்போது வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். நகர நடுவிலுள்ள எண்ணிட்ட தெருக்கள் வடக்குத் தெற்காக ஓடுவதால் வீடுகளின் முகப்பு கிழக்கையோ மேற்கையோதான் பார்க்கிறது. முன்னும் பின்னும் தவிர வேறு சன்னல் கிடையாது. ஒரு பால்கனிக்குக் காலை வெயில், எதிர்ப் பால்கனிக்கு மாலை வெயில், நடுப்பகல் வெயில் இருவருக்குமே இல்லை. மொட்டை மாடி இருந்தாலும் மின்தூக்கி இல்லாத படிகளில் சாம்பார்ப் பாத்திரத்தோடு எத்தனை முறை ஏறி இறங்குவது? மேலே வைத்துவிட்டு வந்தால் காகம் ஒரு பக்கம், களவு ஒரு பக்கம். தன்லின், தகோன் பகுதிகளில் தனி வீடு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு ஒரு நல்ல சான்று தென்னாப்பிரிக்காவில் கிடைக்கிறது. 1996-இல் தொடங்கி அந்நாட்டு அரசும் ஜெர்மானிய நிறுவனம் ஒன்றும் சேர்ந்து, பலவகைச் சூரிய அடுப்புகளைக் குடும்பங்களிடம் கொடுத்து ஓராண்டு கவனித்தன. அக்குடும்பங்கள் தங்கள் சமையலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வெயிலில் செய்தன. மற்றதைப் பழைய அடுப்புகளிலேயே செய்தன. அடுப்பு கையில் இருந்தும், மழை அரிதான வறண்ட பகுதியிலேயே நிலைமை இதுதான் என்றால், ஐந்து மாதம் மழையில் நனையும் நாம் அதைவிட அதிகம் எதிர்பார்ப்பது பொருந்தாது. அந்த மூன்றில் ஒரு பங்கு சிறிதன்று என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆரோவில்லில் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தைக் கொண்டும், திருமலையில் 2002 முதல் வரிசையாக நிறுத்திய குழிக்கண்ணாடிகளைக் கொண்டும் நீராவி உண்டாக்கிச் சமைப்பதைக் காட்டி, நம் கோயில்களின் அன்னதானத்துக்கும் அவ்வாறே செய்யலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அங்கெல்லாம் மேகம் மூடினால் உடனே கைகொடுக்க எண்ணெய்க் கொதிகலன் பக்கத்திலேயே நிற்கிறது. கண்ணாடிகளைத் துடைக்கவும் திருப்பவும் ஆள் இருக்கிறார்கள். நம் கோயில்களில் பெருங்கூட்டம் கூடும் பங்குனி உத்திரமும் தைப்பூசமும் வெயிற்காலத்தில்தான் வருகின்றன என்றாலும், ஆண்டில் சில நாள்களுக்காக அவ்வளவு முதலைப் போடுவது இன்றைய நிலையில் அறிவுடைமையாகாது. சூரியத் தகடும் மின்கலமும் வாங்கி அதில் ரைஸ் குக்கரை ஓட்டுவதும் அப்படித்தான். விளக்குக்கும் விசிறிக்கும் போதுமான மின்கலம் உலைக்குப் போதாது, உலைக்குப் போதுமான மின்கலம் நம்மில் பலர் வாங்கும் விலையில் இல்லை.

வாங்குவதா, செய்துகொள்வதா என்றால், செய்துகொள்ளுங்கள் என்பேன். வெளிநாட்டிலிருந்து வரும் அட்டைப் பெட்டி வகைகள் நம் ஈரக்காற்றுக்குத் தாங்குவதில்லை. ஒரு மழைக்காலத்தில் ஒட்டிய அலுமினியத் தாள் உரிந்துவிடும், மீதியைக் கறையான் பார்த்துக்கொள்ளும். உள்ளூர்த் தச்சர் மரத்தில் ஒரு பெட்டியும் உள்ளே தகரத்தில் ஒரு தொட்டியும் செய்து, இரண்டுக்கும் நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு நன்கு உலர்ந்த உமியை அடைத்தால் போதும். பகோவில் அரிசி ஆலைகளுக்குக் குறைவில்லை, உமிக்கும் குறைவில்லை. வெள்ளைத் தெர்மாக்கோலை நிரப்பாகப் போட வேண்டாம். அந்தச் சூட்டில் அது சுருங்கி உருகும். மேலே இரண்டு கண்ணாடிகள் ஒரு விரல் இடைவெளியில் இருக்க வேண்டும். உட்புறக் கருப்புப் பூச்சில் ஈயம் கலந்திருக்கக் கூடாது. பூசிய பின் பெட்டியைப் பல நாள் வெறுமையாக வெயிலில் காயவிட்டு, வாடை முற்றிலும் நின்ற பிறகே உணவை உள்ளே வைக்க வேண்டும். பாத்திரமும் மெல்லிய அலுமினியமாக, வெளிப்புறம் கருத்ததாக இருப்பது நல்லது. பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்துவிட்டுச் சோறு வேகவில்லை என்று குறை சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம் கோயில் நிருவாகங்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். உள்ளூர்த் தச்சரிடம் இரண்டு பெட்டி அடுப்புகளைச் செய்து வைத்து, முற்றமுள்ள குடும்பங்களுக்கு மாதத்துக்கு ஒரு வீடு என்ற முறையில் இரவல் கொடுத்துப் பார்க்கலாம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஒரு மாதம் வைத்துச் சமைத்துப் பார்த்த குடும்பத்தலைவிக்கு, தன் வீட்டுக்கு இது ஏற்றதா இல்லையா என்பது எந்தக் கட்டுரையையும்விட நன்றாகத் தெரிந்துவிடும். வேண்டாம் என்றால் திருப்பித் தந்துவிடுவார், பணம் போகாது. வேண்டுமென்றால் அதே தச்சரிடம் ஒன்று சொல்லி வைப்பார். தங்கள் நாளிதழும் விற்பனையாளர் தரும் செய்திகளை மட்டும் வெளியிடாமல், மண்டலே, மோல்மேன், தட்டோன் வாசகியர் எந்த மாதத்தில் எதை எத்தனை மணிக்கு வைத்து எப்போது எடுத்தார்கள் என்பதைக் கேட்டு வாங்கி வெளியிட்டால், அடுத்த தீபாவளிக்குப் பின் மழை ஓய்ந்து அடுப்பை வெளியே எடுக்கும் சமயத்தில் பலருக்கும் பயன்படும்.

இங்ஙனம்,
ஒரு வாசகி,
பகோ.